பாயசத்தில் கை வைத்த கதை

மொரீஷியஸில் இருக்கும் எங்கள் கோயில் சாமான் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மகளிர் குழுவில் வேறு யாரும் வாங்கிக்கொள்ளாததால் என் இடுப்புக்கு வந்து சேர்ந்த சாவி அது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கோயிலுக்குப் போய், அன்றைய அன்னதானத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்து மேடையில் எடுத்து வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது. மூன்று மணிக்குமேல் சமையல் ஆட்கள் வருவார்கள். ஆறு மணிக்குப் பூஜை, ஏழரைக்குப் பந்தி. 150 பேருக்குக் குறையாது. அந்தத் தராசை வைத்துக்கொண்டு போன வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். அது சரியா தப்பா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடக்கிற வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஆரம்பம், மே மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு பேச்சு. சுகாதார நிலையத்திலிருந்து உணவு ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார், வயது முப்பதுகூட இருக்காது. அவருக்கு முன்னால் கமிட்டிக்காரர் ஒருவர் பேசினார். கரும்பு வெட்ட வந்த முன்னோர்கள், இன்று சர்க்கரையால் கால் இழக்கும் பேரப்பிள்ளைகள் என்று அவர் குரல் தழுதழுத்தது. இந்த வரியைச் சொல்லாமல் மொரீஷியஸில் சர்க்கரை நோய்க் கூட்டம் எதுவும் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் ஆட்களில் ஒரு பகுதி கரும்புக் கூலிகளுக்கு ரொம்ப முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் வந்தவர்கள் என்று என் வீட்டுக்காரர் வழக்கம்போல என் காதில் முணுமுணுத்தார். அந்த ஆலோசகர் பாவம், ஒழுங்காகத்தான் பேசினார். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும் என்றார். தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார். 330 மில்லி குளிர்பான பாட்டிலையும், அதற்குள் கரைந்திருக்கும் 35 கிராம் சர்க்கரையைத் தனியாக ஒரு கண்ணாடிப் பையில் போட்டும் காட்டினார். எல்லோரும் ‘அய்யோ’ என்றோம். கைதட்டினோம். அப்புறம் பந்திக்குப் போய், இலைக்கு ஒன்றாக வைத்திருந்த அதே பாட்டிலைத் திறந்து குடித்தோம்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. நாமாகச் சேர்க்கிற சர்க்கரை, ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறதாம். நான் தமிழ் டீச்சர். ஆனால் வகுத்தல் கணக்கு வரும். வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்கு நான் நிறுத்துக் கொடுப்பது 4 கிலோ. 150 கப். ஒரு கப்புக்கு கிட்டத்தட்ட 27 கிராம். அதாவது முருகன் பெயரைச் சொல்லி, ஒரு நாள் முழுமைக்குமான சர்க்கரையை ஒரே மடக்கில் ஊருக்கே ஊட்டிக்கொண்டிருந்தவள் நான். இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். எங்கள் வீட்டுக் கணக்கு அதைவிட மோசம்: அப்பா, பெரியப்பா, அத்தை என்று வரிசையாக.

கேட்டுச் செய்யாமல் இல்லை. கமிட்டியில் ஒரு தடவை வாய் திறந்தேன். “சாமிக்குப் படைக்கிறதுல கணக்குப் பார்க்காதீங்க, மிஸ்” என்று சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். என்னிடம் படித்த பையன்தான் அப்படிச் சொன்னான். அதற்குமேல் என்ன பேசுவது.

87ஆம் வருஷத்து எண்ணெய்

எனக்குத் துணிச்சல் கொடுத்தது ஒரு பழைய விவகாரம். பள்ளியில் சுகாதார வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், அதற்காகத் தேடியபோது படித்தது. 1987இல் இந்தத் தீவில் பெரிய அளவில் ஒரு ஆய்வு நடந்தது. சர்க்கரை நோய் இங்கே இவ்வளவு பரவியிருக்கிறது என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. அரசாங்கம் பதறிப்போய் டிவி, ரேடியோ, பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் பேச ஆரம்பித்தது. ஆனால் அந்தச் சமயத்தில் பேசாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. கடையில் மலிவாகக் கிடைத்த ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றிவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1992இல் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால், பெரியவர்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய் மாறியதால் மட்டுமே என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு முழு நாட்டின் ரத்தம்! யாரும் ஒரு தால்பூரியைக்கூட, எங்கள் ஊர்ப் பருப்பு ரொட்டி அது, விட்டுக்கொடுக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்டபம் பிடித்து, மைக் வைத்து, படம் காட்டி, கடைசியில் பாட்டில் திறக்கிற கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளி கேன்டீனில் 2009இல் குளிர்பானம் விற்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது நடந்ததும் ஞாபகம் வந்தது: உள்ளே நின்ற வியாபாரம் கேட்டுக்கு வெளியே இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது, அவ்வளவுதான். சொன்னால் நடக்காது, சொல்லாமல் செய்தால் நடக்கும் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு தீர்மானம் விழுந்தது.

அடுத்த வெள்ளியன்று 4 கிலோவுக்குப் பதில் 3 கிலோ 800 நிறுத்து வைத்தேன். அதற்கடுத்த வாரம் 3.6. வாரம் 200 கிராம். மெல்ல மெல்லக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும் என்பது எல்லோரும் சொல்வதுதானே. எட்டாவது வாரம் 2.4இல் நிறுத்தினேன். சாமான் நோட்டில் உண்மையான அளவைத்தான் எழுதினேன். அந்த நோட்டை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் பந்தியில் ஒரு ஓரமாக நின்று முகங்களைப் பார்ப்பேன். கப்பைச் சாய்த்து அடியில் நின்ற ஜவ்வரிசியை விரலால் வழித்துச் சாப்பிடுவார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கப்புக்கு 27 கிராமாக இருந்தது 16க்கு வந்துவிட்டது, 150 பேருக்கும் தெரியவில்லை! வீட்டுக்கு வந்து அவரிடம் பெருமையடித்தேன். “சர்க்கரையைத் திருடிப் புண்ணியம் தேடுற முதல் ஆள் நீதான்” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆயாவின் நாக்கு

பாயசம் செய்பவரை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு உறவில்லை; ஊருக்கே ஆயா. எழுபதைத் தாண்டியவர். இருபது வருஷத்துக்குமேல் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த கை. கரண்டி பிடித்தால் இப்போதும் கை நடுங்காது. பேச்சில் பாதி இந்தத் தீவின் கிரியோல் மொழி, பாதி தமிழ். நான் இங்கே முழுத் தமிழாக்கித் தருகிறேன். அடுப்புக்குமுன் நின்றால் அவருக்குத் தராசும் தேவையில்லை, ருசி பார்ப்பதும் கிடையாது. சாமிக்குப் படைக்குமுன் நாக்கில் வைத்தால் எச்சில் ஆகிவிடும். அதனால் எல்லாமே கண்ணும் மூக்கும்தான். பெரிய தேக்சியில் பால் கொதித்து இறங்கும்போது ஓரத்தில் கட்டுகிற ஆடை, ஜவ்வரிசி நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைகிற நேரம், கரண்டியைத் தூக்கினால் கடைசிச் சொட்டு விழ எடுக்கிற நேரம், இவற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார். படையலுக்கு எடுத்து வைத்த பிறகு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். ஒரு தலையசைப்பு. பந்திக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

ஒன்பதாவது வெள்ளி. மழைத் தூறலும் குளிருமாக ஜூலை மாதம். படையல் உள்ளே போய்விட்டது. விடுபட்ட ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கொடுக்க மடப்பள்ளிக்குப் போனேன். அடுப்போரம் என் வகுப்புப் பெண் ஒருத்தி நிற்கிறாள், எட்டு வயசு இருக்கும். ஆயா அவள் கையில் ஒரு ஸ்பூன் பாயசம் வைத்து, குனிந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“தித்திப்பு தூக்கலா இருக்கா? சொல்லு.”

“நல்லா இருக்கு, ஆயா.”

“பொய் சொல்லாதே. திகட்டுதா?”

அந்தப் பெண் முழித்தாள். எனக்கும் அப்படித்தான். ஆயா யாரிடமும் ருசி கேட்டு நான் பார்த்ததே இல்லை. பெண்ணை அனுப்பிவிட்டு ஆயா நிமிர்ந்தார், என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் மேடைக்குக் கீழே அவருடைய துணிப்பையைக் கவனித்தேன். வாய் மடித்துச் செருகிய ஒரு சர்க்கரைப் பாக்கெட், முக்கால் காலி. நான் கொடுப்பது வெள்ளைச் சர்க்கரை. அது பழுப்புச் சர்க்கரை.

“உன்கிட்ட மட்டும் சொல்றேன், மிஸ்” என்றார். “என் நாக்கு போயிடுச்சு.”

இரண்டு மாசமாகவே அப்படித்தானாம். முதலில் லேசாகத்தான் இருந்தது. மிஸ் எப்போதும் கொடுக்கிற அளவுதான் கொடுக்கிறாள், நானும் எப்போதும்போலத்தான் செய்கிறேன், ஆனால் உள்ளங்கையில் விட்டு நக்கினால் சப்பென்று இருக்கிறது. ஒரு கை போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் இரண்டு கை. இப்போது ஒரு கிலோவுக்குமேல் போட்டால்தான் எனக்குத் தித்திக்கிறது. கோயில் சாமானில் எடுத்தால் நீ கேட்பாய், அதனால் பென்ஷன் பணத்தில் வாங்கி வருகிறேன். எல்லோரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க, கிழவி மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாங்களோ என்னவோ. இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். ஆயாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். அவருடைய அக்காவுக்கும் உண்டு. காலில் மரத்துப்போய், ஆணி குத்தியது தெரியாமல் நாலு நாள் நடந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“அக்காவுக்குக் காலு செத்துச்சு. எனக்கு நாக்கு. அது போனாப் போகட்டும், மிஸ். செத்த நாக்கை வச்சுக்கிட்டு இத்தனை பேருக்குச் சர்க்கரையை வாரிக் கொட்டுறேனே, அதான் பயமா இருக்கு. புரட்டாசி முடிஞ்சதும் கரண்டியை வேற ஆள்கிட்ட கொடுத்துடுறேன்.”

இரண்டு மாதமாக அவர் பாயசம் குடிக்கவே இல்லையாம். அந்த உள்ளங்கைச் சொட்டோடு சரி.

நான் அங்கே நின்றபடியே கணக்குப் போட்டேன், கேவலம்தான், ஆனால் அதைத்தான் முதலில் செய்தேன். நான் குறைத்தது 1.6 கிலோ. அவர் சேர்த்தது கிட்டத்தட்ட அதே அளவு. பந்தியில் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாததுதான். ஆயா படையலுக்குப் பிறகுதான் சர்க்கரை சேர்க்கிறார். ஆகவே என் எட்டு வாரத் திட்டத்தில் சர்க்கரை குறைந்த பாயசம் சாப்பிட்டவர் முருகன் ஒருவர்தான்.

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பேச்சு, வகுத்தல் கணக்கு, 200 கிராம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாக உளறியிருப்பேன். ஆயா குறுக்கே பேசவில்லை. “எத்தனை வாரமா?” என்று மட்டும் கேட்டார். “எட்டு. இதோட ஒன்பது.” விரல் விட்டு எண்ணினார். கவிழ்த்து வைத்திருந்த தேக்சிமேல் உட்கார்ந்தார். “அப்போ என் நாக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். கொஞ்சம் கழித்து, என்னிடம் இல்லை, அடுப்பைப் பார்த்து, இன்னொரு தடவை அதையே சொன்னார். அப்புறம் எழுந்து ஒரு கப் எடுத்து, ரொம்பவும் நிதானமாக, முழுக் கப் பாயசத்தையும் குடித்தார்.

கோபப்படவில்லை என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். முட்டாள். அடுத்த வெள்ளி நான் போகுமுன்னே சாமான் அறை வாசலில் ஆயா உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நானே நிறுத்துக்கறேன், மதாம்.” மிஸ் போய் மதாம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் மதாம் என்பது கடைக்காரர் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற வார்த்தை. மூன்று வாரம் மதாம்தான்.

கெஸட்டும் நோட்டும்

அந்த மூன்று வாரத்தில்தான் என் அம்மா ஞாபகம் வந்தது. 1987இல் எனக்குப் பதினோரு வயது. அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தோ பிமா போடுவார். ஊறவைத்த பருப்பை அரைத்துப் பச்சைமிளகாய் போட்டுப் பொரிக்கிற நம்ம வடையின் தம்பிதான். அந்தக் காலத்தில் ஒரு சமயம், மொறுமொறுப்பே வரவில்லை, எண்ணெய் நுரைக்கிறது, என் கைப்பக்குவம் எங்கே போனது என்று அம்மா தொடர்ந்து புலம்பிக்கொண்டிருந்தார். பாட்டி அதற்கு, பருப்பை அதிக நேரம் ஊறவைக்கிறாய் என்று மருமகளைக் குறை சொன்னார். ஒரு மாதம் வீட்டில் அதே சண்டை. எண்ணெய் மாறியதுதான் காரணமா, அல்லது இப்போது நானாகக் கோத்துக்கொள்கிறேனா? அம்மா இல்லை, கேட்க முடியாது. ஆனால் சராசரி 5.5இலிருந்து 4.7க்கு இறங்கியது என்று இப்போது எங்கே படித்தாலும், கறாய்க்குமுன் நின்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கண்ணில் வந்துவிடுகிறார்.

அப்படியென்றால் 87இல் செய்தது தப்பா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த 4.7இல் என் அப்பாவுக்குக் கிடைத்த வருஷங்களும் இருக்கலாம். என் வீட்டுக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: “அரசாங்கம் கெஸட்ல போட்டுச்சு. நீ நோட்டுல போட்டே.” அம்மா கெஸட்டும் படிக்கவில்லை, ஆயா நோட்டும் படிக்கவில்லை, என்ன வித்தியாசம் என்று நான் கேட்பேன். அரசாங்கத்துக்கு அம்மாவைத் தெரியாது, உனக்கு ஆயாவைத் தெரியும் என்பார் அவர். அத்தோடு நான் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன்.

அந்த ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அதே ஐந்து வருஷத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தது, ரத்த அழுத்தம் குறைந்தது, சிகரெட் குறைந்தது. ஆனால் உடம்பு பருமன் கூடிக்கொண்டுதான் போனது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெயை மாற்றுகிற மாதிரி பாட்டிலுக்குள் போய் மாற்ற முடியாத விஷயங்கள் அவை.

நான்காவது வாரம் ஆயா கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தார். முப்பது வருஷத்தில் அவர் கமிட்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை, நாற்காலியில்கூட உட்காரவில்லை. என் திருட்டைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் என் பெயரையே எடுக்கவில்லை. “பாயசத்துல கை வைக்க நினைக்கிறவங்க, அந்த பாட்டிலை ஏன் பார்க்கலே?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. பந்திக்கு வரும் குளிர்பானம் முழுக்க உபயம். யாராவது பிறந்தநாளுக்கு, பரீட்சை பாஸ் ஆனதற்கு, பெட்டி பெட்டியாக இறக்கிவிடுவார்கள். 2013லிருந்து சர்க்கரை அளவைப் பொறுத்து அதற்கு வரி இருக்கிறது. உபயம் கொடுக்கிறவர் கணக்கா பார்ப்பார்? ஒரு பாட்டிலில் 35 கிராம், என் பாயசத்தைவிட அதிகம். அந்த ஆலோசகர் கண்ணாடிப் பையில் காட்டியது பாட்டிலைத்தான். நான் அதைப் பார்த்து, கைதட்டி, வீட்டுக்குப் போய்ப் பாயசத்தை வகுத்தேன். உபயக்காரர்களோடு முகம் முறிப்பதைவிட ஒரு கிழவியின் தேக்சியில் கை வைப்பது சுலபம் என்று எனக்குள்ளே யாரோ கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

பாட்டிலை நிறுத்துவது சுலபமாக இல்லை. இரண்டு உபயக்காரர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் இன்னும் வருவதில்லை. பதிலுக்கு என்ன கொடுப்பது என்றதும் ஆயா தயங்காமல் ரசம் என்றார். இங்கே கிரியோல்காரர்கள்கூட ரசோன் என்றுதான் சொல்வார்கள், அது எங்களோடு கப்பலில் வந்த சொல். குளிர்காலம் முழுக்க, இலைக்குப் பக்கத்தில் சூடான ரசம் கப்பில் வைத்தோம். முருங்கைக்கீரைக்கும் இங்கே பிரேத் முரும் என்று பெயர், எங்கள் முருங்கையேதான். எத்தனையோ வீட்டுக் கொல்லைகளில் மரம் நிற்கிறது, பறிக்க ஆளில்லை. இப்போது குளிர்பான உபயத்துக்குப் பதில் கீரை உபயம். வெள்ளிக்கிழமை மதியம் நாலு பெண்கள் உட்கார்ந்து உருவுகிறார்கள். ஏழு கறியும் போடுகிற பெரிய விசேஷ நாட்களில் பாட்டில் திரும்ப எட்டிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தைச் சுற்றி

அந்தப் பேச்சின் இரண்டாவது பாதி, அதாவது அரை மணி நேர நடை, என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1987இல் ஓய்வு நேரத்தில் ஓரளவாவது உடற்பயிற்சி செய்த பெண்கள் நூற்றுக்கு 1.3 பேர். ஐந்து வருஷப் பிரசாரத்துக்குப் பிறகு 2.7. ஆண்கள் 16.9லிருந்து 22.1க்கு ஏறினார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்தால்தானே அதில் உடற்பயிற்சி. நாலு மணி நேரம் அடுப்புக்குமுன் நின்று, இருபது லிட்டர் தேக்சியை இரண்டு பேராகத் தூக்கி இறக்குகிறவரை அந்தக் கணக்கு எந்தப் பெட்டியில் போடும்?

நாங்கள் ஐந்தாறு பேர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், தெருநாய் வேறு, பயல்கள் பந்தை வேண்டுமென்றே எங்கள் பக்கம் உதைப்பான்கள். கியூர்பிப் பக்கம் இருப்பவர்களுக்கு த்ரு ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி நல்ல சாலை இருக்கிறது, காற்றும் காட்சியும். எங்களுக்கு மைதானம். அக்டோபரில் வெளிச்சம் நீண்டதும் ஆயாவும் வந்தார், ரப்பர் செருப்போடு. நடப்பதற்கென்று போய் நடக்கிறது பைத்தியக்காரத்தனம் என்பது அவர் கட்சி. ஆனால் பேச்சு சுவாரசியமாக இருக்கிறதாம். இரண்டு சுற்று நடப்பார், மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதையின் முடிவுக்காக நாங்கள் கூடுதலாக இரண்டு சுற்று நடந்திருக்கிறோம்.

நவம்பரில் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மதாம் மறைந்து மிஸ் திரும்பி வந்திருந்த காலம். நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன்பிடி நரம்பு மாதிரியான ஒரு நைலான் இழையால் பாதத்தில் இங்கும் அங்குமாகத் தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். “ம்… ம்…” என்று ஆயா சொல்லிக்கொண்டே வந்தார். இடது கால் கட்டைவிரலில் இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார் நர்ஸ். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து விரலில் அழுத்தினார். அதற்கும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடியபடி, அடுத்த தொடுதலுக்காகக் காத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தைப்பூசக் காவடிக்குப் பால்குடம் எடுத்து நாலு கிலோமீட்டர் நடக்கிறவரிடம், கோடையில், கொதிக்கிற தார் ரோட்டில்! இந்த வருஷம் வெள்ளைக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு நடந்தார். முன்னால் பையன்கள் வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். பெரியவர் ஒருவர் காலுறையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஆயா பார்த்த பார்வையில் குடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அன்று ராத்திரி காலுறையைக் கழற்றி நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். கொப்புளம் இல்லை.

சாமான் அறைக் கதவின் உள்பக்கம் இப்போது சாக்பீஸில் ஒரு வரிசை எண் இருக்கிறது. அந்த நாலாவது வாரத்திலிருந்து ஆயா எழுதுவது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மடப்பள்ளிக்கு வருகிற எல்லோரும் படிக்கவும் செய்கிறார்கள், சிலர் பந்தயம்கூடக் கட்டுகிறார்கள். 4 என்று ஆரம்பித்து 3.8, 3.8, 3.5, 3.6 என்று போகிறது. கப் சின்னதாகிவிட்டது, அதுவும் அவர் யோசனைதான். பொங்கல் வாரத்தில் 4.5, ஏன் என்று நான் கேட்கவில்லை. போன வெள்ளி 2.6 என்று எழுதினார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். முந்தானையால் 6ஐ அழித்து 8 ஆக்கினார். நான் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கீரை உருவப் போனேன்.